எக்ஸ்எம்எல் அமைவுக் கோப்புகளில் வெற்று, இன்மை, தரப்படாத மதிப்புகள்

எக்ஸ்எம்எல் அமைவுக் கோப்பு என்பது ஒரு மென்பொருள் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதை எக்ஸ்எம்எல் குறியீட்டு மொழியில் எழுதி வைக்கும் கோப்பு ஆகும். இத்தகைய கோப்பில் ஓர் அமைவுக்கு மதிப்பு இல்லாதிருத்தல் மூன்று வகைப்படும். அமைவின் பெயரே கோப்பில் இடம்பெறாவிடின் அது தரப்படாத மதிப்பு எனப்படும். பெயர் இடம்பெற்று அதனுள் எதுவும் எழுதப்படாவிடின் அது வெற்று மதிப்பு ஆகும். "இதற்கு மதிப்பு இல்லை" என்று வெளிப்படையாகவே குறிக்கப்பட்டிருப்பின் அது இன்மை மதிப்பு ஆகும். நிரலாளர்கள் இதனை "நல்" அல்லது "நில்" என்று வழங்குவர்.

இம்மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும் பொருளால் வேறுபட்டவை. எக்ஸ்எம்எல் மொழி முதல் இரண்டை மட்டுமே வேறுபடுத்துகின்றது. மூன்றாவதற்கு அம்மொழியில் தனிக் குறியீடு இல்லை. ஒவ்வொன்றையும் எவ்வாறு பொருள்கொள்வது என்பதைக் கோப்பைப் படிக்கும் மென்பொருளே முடிவு செய்கின்றது. ஆகவே ஒரே கோப்பு இரு மென்பொருள்களில் இரு வேறு விளைவுகளைத் தரக்கூடும். கடவுச்சொல், அனுமதிப் பட்டியல் போன்ற இடங்களில் இக்குழப்பம் பாதுகாப்புக் குறைபாடாகவும் மாறுவதுண்டு.

எடுத்துக்காட்டு

எக்ஸ்எம்எல் 1.0 தன் பெயர்களில் தமிழ் எழுத்துகளை அனுமதிக்கின்றது. எனவே கீழுள்ள துண்டுகளை எந்த எக்ஸ்எம்எல் பகுப்பியும் உள்ளவாறே படிக்கும். ஒரு நூலக மென்பொருளின் அமைவுக் கோப்பில் தாமதக் கட்டணம் நான்கு விதமாக அமையலாம்.

முதல் வகை (தரப்படாதது):
<நூலகம்><கடன்நாள்>14</கடன்நாள்></நூலகம்>

இரண்டாம் வகை (வெற்று):
<நூலகம்><கடன்நாள்>14</கடன்நாள்><தாமதக்கட்டணம்></தாமதக்கட்டணம்></நூலகம்>

மூன்றாம் வகை (இன்மை):
<நூலகம்><கடன்நாள்>14</கடன்நாள்><தாமதக்கட்டணம் இன்மை="ஆம்"/></நூலகம்>

நான்காம் வகை (சுழியம்):
<நூலகம்><கடன்நாள்>14</கடன்நாள்><தாமதக்கட்டணம்>0</தாமதக்கட்டணம்></நூலகம்>

முதல் வகையில் நூலகர் கட்டணம் பற்றி எதுவும் கூறவில்லை. மென்பொருளில் முன்கூட்டியே வைக்கப்பட்டுள்ள இயல்பு மதிப்பைப் பயன்படுத்துவது இங்கு இயற்கையானது. மூன்றாம் வகையில் இந்நூலகத்தில் தாமதக் கட்டணம் என்ற முறையே இல்லை என்று கூறப்படுகின்றது. நான்காம் வகையில் முறை உண்டு, தொகை மட்டும் சுழியம். இங்கு சுழியம் உரூபாய்க்குப் பற்றுச்சீட்டு அச்சிடப்படலாம். மூன்றாம் வகையில் பற்றுச்சீட்டே எழாது.

சிக்கல் இரண்டாம் வகையில்தான் உள்ளது. நூலகர் தொகையை எழுத மறந்தாரா, கட்டணம் வேண்டாம் என்று அழித்தாரா, அல்லது இயல்பு மதிப்பு போதும் என்று விட்டாரா என்பதை கோப்பிலிருந்து அறிய இயலாது. வெற்று எழுத்துத் தொடரை எண்ணாக மாற்ற முயலும் மென்பொருள் பிழை காட்டி நிற்கலாம். வேறொரு மென்பொருள் அதனைச் சுழியமாகக் கொள்ளலாம். மற்றொன்று இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்எம்எல் 1.0 இல் வெற்று மதிப்பு

எக்ஸ்எம்எல் 1.0 உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக 1998 பெப்ரவரி 10 அன்று வெளியானது. அதன் விதிகளுள் இங்கு தேவையானவை பின்வருமாறு:

* தொடக்கக் குறிச்சொல்லை அடுத்து உடனே முடிவுக் குறிச்சொல் வருமாயின் அவ்வுறுப்பு வெற்று உறுப்பு ஆகும். <குறிப்பு></குறிப்பு> என்பதும் <குறிப்பு/> என்பதும் ஒரே பொருளுடையவை. ஒன்றை "வெற்று" என்றும் மற்றொன்றை "இன்மை" என்றும் கொள்வது பிழையாகும். 2001 இல் வெளியான நியமவடிவ எக்ஸ்எம்எல் பரிந்துரை இரண்டாம் வடிவத்தை முதல் வடிவமாக மாற்றி எழுதுகின்றது. ஆகவே எழுதும் முறையில் பொருளை மறைத்து வைத்தால் அது வழியிலேயே தொலைந்துபோகும்.
* இரு குறிச்சொற்களுக்கும் இடையே ஓர் இடைவெளியோ வரிமுறிவோ இருப்பின் அவ்வுறுப்பு வெற்று அன்று. அவ்வெற்றிடங்களைப் பகுப்பி மென்பொருளுக்குக் கட்டாயம் அளிக்க வேண்டும். கோப்பைத் தானாக அழகுபடுத்தும் கருவிகள் சில வெற்று உறுப்பை இரண்டு வரிகளாகப் பிரித்துவிடுவதுண்டு. அப்போது வெற்று மதிப்பு வெற்றிடங்கள் கொண்ட மதிப்பாக மாறிவிடும்.
* பண்பு எனில் அதற்கு மேற்கோள் குறிகளுக்குள் மதிப்பு இருந்தே ஆக வேண்டும். மின்னஞ்சல்="" என்பது செல்லும். மின்னஞ்சல் என்று பெயரை மட்டும் எழுதுவது எச்டிஎம்எல்லில் செல்லும்; எக்ஸ்எம்எல்லில் அது பிழையாகும்.
* ஆவண வகை வரையறையில் ஒரு பண்பு கட்டாயமானது, விருப்பத்திற்குரியது, மாறாதது, இயல்பு மதிப்புடையது என நான்கு விதமாக அறிவிக்கப்படலாம். இயல்பு மதிப்புடைய பண்பு கோப்பில் தரப்படாவிடின் பகுப்பியே அம்மதிப்பைச் சேர்த்துத் தரும். ஆயினும் சரிபார்ப்பு செய்யாத பகுப்பிகள் வெளிக்கோப்பில் உள்ள வரையறையைப் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதனால் ஒரே கோப்பில் ஒரு பகுப்பி மதிப்பைக் காணும், மற்றொன்று காணாது.

எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் இன்மை மதிப்பு

இன்மை மதிப்புக்கு முறையான வழியை அளித்தது 2001 மே 2 அன்று பரிந்துரையான எக்ஸ்எம்எல் ஸ்கீமா ஆகும். அதில் ஓர் உறுப்பு இன்மையை ஏற்கும் என்று ஸ்கீமாவில் முதலில் அறிவிக்க வேண்டும். இவ்வறிவிப்பு "நில்லபிள்" என்ற பண்பால் செய்யப்படுகின்றது. பின்னர் ஆவணத்தில் அவ்வுறுப்புக்கு "எக்ஸ்எஸ்ஐ:நில்" என்ற பண்பை இட்டு, மதிப்பாக "ட்ரூ" அல்லது 1 எனக் குறிக்க வேண்டும். இப்பெயர்கள் தரப்படுத்தப்பட்டவை என்பதால் கோப்பில் இலத்தீன் எழுத்துகளிலேயே எழுதப்பட வேண்டும்.

இவ்வாறு இன்மை எனக் குறிக்கப்பட்ட உறுப்பினுள் எழுத்துகளோ துணை உறுப்புகளோ இருத்தல் கூடாது. பிற பண்புகள் இருக்கலாம். இவ்வசதி உறுப்புகளுக்கு மட்டுமே உரியது. பண்புகளுக்கு இன்மை மதிப்பு கிடையாது. பண்பு ஒன்று தரப்படும் அல்லது தரப்படாது, அவ்வளவே.

ஸ்கீமாவின் இயல்பு மதிப்பு விதிகள் பலரையும் குழப்புபவை. பண்புக்கும் உறுப்புக்கும் அவை எதிரெதிராகச் செயற்படுகின்றன.

* பண்பு தரப்படாதபோது இயல்பு மதிப்பு சேர்க்கப்படும். பண்பு வெற்றாகத் தரப்பட்டால் வெற்றுச் சரமே அதன் மதிப்பு.
* உறுப்பு தரப்படாதபோது இயல்பு மதிப்பு சேர்க்கப்படாது. உறுப்பு வெற்றாகத் தரப்பட்டால்தான் இயல்பு மதிப்பு சேர்க்கப்படும்.
* உறுப்பு இன்மை எனக் குறிக்கப்பட்டால் இயல்பு மதிப்பு சேர்க்கப்படாது.

எனவே பண்பாக இருந்த ஓர் அமைவை உறுப்பாக மாற்றி எழுதும்போது அதன் இயல்பு மதிப்பின் நடத்தையும் தலைகீழாக மாறிவிடுகின்றது.

வெற்று மதிப்பு செல்லுமா என்பது தரவு வகையையும் பொறுத்தது. சர வகைக்கு வெற்று மதிப்பு செல்லும். முழு எண், நாள், மெய்ம்மை ஆகிய வகைகளுக்குச் செல்லாது. சரம் வெற்றாக இருத்தல் கூடாது எனில் அதன் குறைந்த அளவு நீளம் 1 என வரையறுக்க வேண்டும். எண்ணோ வெற்றோ எதுவாயினும் சரி எனில் இரண்டையும் சேர்த்து ஒன்றிப்பு வகை ஒன்றை அமைக்கலாம்.

ரிலாக்ஸ் என்ஜி என்ற மற்றொரு ஸ்கீமா மொழி வேறு கொள்கையைப் பின்பற்றுகின்றது. அது ஆவணம் சரியா என்பதை மட்டுமே கூறும். இயல்பு மதிப்புகளைத் தானே சேர்ப்பதில்லை.

நிரல் இடைமுகங்களில் வேறுபாடுகள்

கோப்பில் சரியாக எழுதப்பட்ட வேறுபாடு, அதனைப் படிக்கும் நிரல் இடைமுகத்தில் மறைந்துபோவதும் உண்டு.

* டாம்: 1998 இல் வெளியான டாம் முதல் நிலையில், இல்லாத பண்பைக் கேட்டாலும் வெற்றுச் சரமே விடையாகக் கிடைத்தது. வெற்றாக உள்ள பண்பும் இல்லாத பண்பும் இதனால் ஒன்றாகிவிட்டன. பண்பு உள்ளதா என்று தனியே கேட்கும் செயற்கூறு 2000 இல் வெளியான இரண்டாம் நிலையில் சேர்க்கப்பட்டது. ஜாவாவின் டாம் இடைமுகம் இன்றும் வெற்றுச் சரத்தையே தருகின்றது. உலாவிகள் பின்பற்றும் தற்போதைய டாம் தரம் இன்மை மதிப்பைத் தருகின்றது.
* சாக்ஸ்: இல்லாத பண்புக்கு இன்மை மதிப்பும், வெற்றுப் பண்புக்கு வெற்றுச் சரமும் கிடைக்கும்.
* பைத்தானின் எலிமென்ட்ட்ரீ: உறுப்பு இல்லாவிடின் தேடலின் விடை இன்மை ஆகும். உறுப்பு வெற்றாக இருப்பின் உறுப்பு கிடைக்கும். ஆனால் அதன் உரை இன்மையாக இருக்கும். மேலும், துணை உறுப்புகள் இல்லாத உறுப்பை நேரடியாக நிபந்தனையில் வைத்துச் சோதித்தால் "பொய்" என்ற விடை கிடைத்துவந்தது. உரையுடன் கூடிய உறுப்பும் இவ்வாறு இல்லாதது எனக் கருதப்பட்டது. 2023 இல் வெளியான பைத்தான் 3.12 முதல் இவ்வகைச் சோதனைக்கு எச்சரிக்கை தரப்படுகின்றது.
* எக்ஸ்பாத் 1.0: இல்லாத பண்பைச் சரமாக மாற்றினால் வெற்றுச் சரம் கிடைக்கும். ஆனால் இல்லாத பண்பை எந்தச் சரத்துடன் ஒப்பிட்டாலும், "சமம்" என்பதும் "சமமன்று" என்பதும் இரண்டுமே பொய்யாகும்.

அமைவுக் கோப்புகளில் நடைமுறை

புகழ்பெற்ற சில மென்பொருள்கள் இம்மூன்று நிலைகளையும் வெவ்வேறு விதமாகக் கையாள்கின்றன.

ஸ்பிரிங்: ஜாவா நிரலர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிங் சட்டகத்தின் எக்ஸ்எம்எல் கோப்பில் மூன்று நிலைகளும் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வெற்று மதிப்பு தரப்பட்டால் அது வெற்றுச் சரமாகக் கொள்ளப்படும். இன்மை மதிப்பு வேண்டுமெனில் அதற்கென உள்ள "நல்" என்ற தனி உறுப்பை உள்ளே இட வேண்டும். எதுவும் தரப்படாவிடின் அப்பொருளின் நிரலில் உள்ள தொடக்க மதிப்பு மாறாமல் இருக்கும்.

மேவன்: ஒரு திட்டத்தின் கோப்பு தன் தாய்த் திட்டத்தின் கோப்பு எங்குள்ளது என்பதை "ரிலேட்டிவ்பாத்" என்ற உறுப்பால் குறிக்கும். இவ்வுறுப்பு தரப்படாவிடின் மேலடைவில் உள்ள கோப்பு தேடப்படும். வெற்றாகத் தரப்பட்டால் அடைவுகளில் தேடாமல் களஞ்சியத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று பொருள். தேவையற்ற வரி என்று எண்ணி இவ்வெற்று உறுப்பை அழிப்பவர் கட்டளையையே மாற்றிவிடுகின்றார்.

ஆன்ட்: தொகுப்புக் கருவியான ஆன்ட்டில், மதிப்பு தரப்படாத மாறி ஒன்று டாலர் குறியும் நெளிவு அடைப்பும் இட்டுப் பயன்படுத்தப்பட்டால், அது வெற்றாக மாறாமல் எழுதியபடியே நிற்கும். இதனால் டாலர் குறியுடன் கூடிய விநோதப் பெயர்களில் அடைவுகள் உருவாவதுண்டு. ஓர் இலக்குக்கு "மாறி தரப்பட்டிருந்தால்" என்ற நிபந்தனையை இட்டால், மாறியின் பெயர் மட்டும் தரப்படும்போது அதற்கு ஏதேனும் ஒரு மதிப்பு உள்ளதா என்பதே பார்க்கப்படும். "பொய்" என்ற மதிப்பு தரப்பட்டிருந்தாலும் அவ்விலக்கு இயங்கும்.

டாட்நெட் ஃபிரேம்வொர்க்: இதன் அமைவுக் கோப்புகள் அடுக்கடுக்காக அமைந்தவை. கணினி முழுமைக்குமான கோப்பில் உள்ளதைப் பயன்பாட்டின் கோப்பு பெற்றுக்கொள்ளும். இங்கு எழுதாமல் விடுவது "மேலிருந்து பெற்றுக்கொள்" என்று பொருள்படும். வெற்றாக எழுதுவது "மேலுள்ளதை மாற்றி வெற்றாக்கு" என்று பொருள்படும். மேலிருந்து வந்ததை அறவே நீக்குவதற்கு "ரிமூவ்", எல்லாவற்றையும் நீக்குவதற்கு "கிளியர்" என்னும் தனி உறுப்புகள் உள்ளன.

பட்டியல்களில் எழும் சிக்கல்

மதிப்பு பலவாக இருக்கும்போது இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கின்றது. <கிளை> என்ற உறுப்பு தேவையான அளவு மீண்டும் மீண்டும் வரலாம் என்று மட்டும் வரையறுத்தால், ஒரு கிளையும் இல்லாத நூலகமும் கிளைகளைப் பற்றி எதுவும் கூறாத கோப்பும் ஒன்றுபோலவே இருக்கும். <கிளைகள்> என்ற உறை உறுப்பை வைத்து அதனுள் கிளைகளை எழுதினால் இரண்டையும் பிரித்தறியலாம். உறை உறுப்பு வெற்றாக இருப்பின் பட்டியல் வெற்று. உறை உறுப்பே இல்லாவிடின் பட்டியல் தரப்படவில்லை.

கோப்பை மீண்டும் எழுதுதல்

மென்பொருளின் அமைவுத் திரையில் பயனர் ஒரு மாற்றத்தைச் செய்யும்போது, முழுக் கோப்பும் மீண்டும் எழுதப்படுவது வழக்கம். அப்போது தரப்படாத அமைவுகள் அனைத்தும் அன்றைய இயல்பு மதிப்புகளுடன் எழுதப்பட்டுவிட்டால், அவை பயனரே தேர்ந்தெடுத்த மதிப்புகள் போலாகிவிடும். அடுத்த பதிப்பில் பாதுகாப்புக் காரணமாக இயல்பு மதிப்பு மாற்றப்பட்டாலும், பழைய மதிப்பே இக்கணினியில் நிலைத்துவிடும். தரப்படாமை என்பது வெறும் குறை அன்று. "உருவாக்கியவரின் முடிவைப் பின்பற்றுக" என்ற செய்தியும் அதில் அடங்கியுள்ளது.

பாதுகாப்பு

வெற்று மதிப்பால் எழும் பாதுகாப்புச் சிக்கலுக்கு எல்டாப் அடைவு நெறிமுறை நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். 2006 இல் வெளியான ஆர்எஃப்சி 4513 ஆவணத்தின்படி, பயனர் பெயருடன் வெற்றுக் கடவுச்சொல்லை அனுப்புவது "உறுதிப்படுத்தப்படாத இணைப்பு" எனப்படுகின்றது. இதனை ஏற்கும் வழங்கி, இணைப்பு வெற்றி என்று விடை கூறி, அனுப்பியவரைப் பெயரில்லாதவராகவே நடத்தும். கடவுச்சொல் சரியாக இருந்ததாலேயே வெற்றி கிடைத்தது என்று எண்ணும் பயன்பாடு, கடவுச்சொல் இல்லாத எவரையும் உள்ளே விட்டுவிடும். ஆகவே வழங்கிகள் இயல்பாகவே இதனை மறுக்க வேண்டும் என்றும், வாங்கிகள் வெற்றுக் கடவுச்சொல்லை ஏற்கலாகாது என்றும் அவ்வாவணம் அறிவுறுத்துகின்றது.

அமைவுக் கோப்பில் கடவுச்சொல் உறுப்பு வெற்றாக விடப்பட்டாலும் இதே நிலை எழக்கூடும். பயன்பாடு பிழையின்றி இணையும். ஆனால் பெயரில்லாதவருக்குக் கிடைக்கும் தரவு மட்டுமே அதற்குக் கிடைக்கும். பிழைச்செய்தி ஏதும் வராததால் காரணத்தைக் கண்டறிவது கடினமாகும்.

அனுமதிப் பட்டியல்களிலும் இத்தகைய இடர் உண்டு. வெற்றுப் பட்டியலை "எவருக்கும் அனுமதி இல்லை" என்றும் கொள்ளலாம். "கட்டுப்பாடு இல்லை, எவரும் வரலாம்" என்றும் கொள்ளலாம். இரண்டாவது பொருளைக் கொண்ட மென்பொருளில், பட்டியலின் கடைசிப் பெயரை நீக்கும் நிருவாகி தாம் அறியாமலே கதவைத் திறந்துவிடுகின்றார்.

பிற வடிவங்களுடன் ஒப்பீடு

* ஜேசான்: இன்மை மதிப்புக்கென மொழியிலேயே தனிச் சொல் உண்டு. 2014 இல் வெளியான ஆர்எஃப்சி 7396 இணைப்பு முறையில், இன்மை மதிப்பு "இதனை நீக்குக" என்று பொருள்படும்.
* யாமல்: பெயருக்குப் பின் எதுவும் எழுதாவிடின் அது வெற்றுச் சரம் அன்று, இன்மை மதிப்பு ஆகும்.
* டாமல்: இன்மை மதிப்பே கிடையாது. வேண்டாததை எழுதாமல் விட வேண்டும்.
* யுனிக்ஸ் கட்டளைக் கூடு: மாறிக்கு மாற்று மதிப்பு தரும்போது முக்காற்புள்ளி இட்டால், தரப்படாத மாறியும் வெற்று மாறியும் ஒன்றாகக் கொள்ளப்படும். முக்காற்புள்ளி இடாவிடின் தரப்படாத மாறிக்கு மட்டுமே மாற்று மதிப்பு கிடைக்கும்.
* ஆரக்கிள் தரவுத்தளம்: வெற்றுச் சரத்தை இன்மை மதிப்பாகவே சேமிக்கின்றது. எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து இங்கு வரும் தரவு இவ்வேறுபாட்டை இழக்கும்.

வரலாறு

இன்மை பற்றிய குழப்பம் எக்ஸ்எம்எல்லுக்கு முற்பட்டது. டோனி ஹோர் 1965 இல் அல்கால் டபிள்யூ மொழிக்கு இன்மைச் சுட்டை வடிவமைத்தார். 2009 இல் இலண்டனில் ஆற்றிய உரையில் அதனைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்று அவரே குறிப்பிட்டார். தொடர்புசார் தரவுத்தளக் கோட்பாட்டை 1970 இல் முன்வைத்த எட்கர் காட், 1979 ஆம் ஆண்டுக் கட்டுரையில் இன்மை மதிப்புகளை விரிவாக ஆராய்ந்தார். 1990 இல் வெளியான தமது நூலில், "பொருந்தும், ஆனால் அறியப்படவில்லை" என்பதற்கும் "பொருந்தவே பொருந்தாது" என்பதற்கும் இரு வேறு குறிகள் வேண்டும் என்று அவர் முன்மொழிந்தார். மேலுள்ள நூலக எடுத்துக்காட்டில் மறந்துபோன கட்டணமும் இல்லாத கட்டணமும் வேறுபடுவது இவ்விரண்டின் வேறுபாட்டை ஒத்ததே.

வடிவமைப்பு நெறிகள்

* ஒவ்வோர் அமைவுக்கும் தரப்படாமை, வெறுமை, இன்மை ஆகிய மூன்றின் பொருளையும் ஆவணத்தில் தனித்தனியே எழுத வேண்டும்.
* வெற்று மதிப்புக்குப் பொருள் இல்லாத இடத்தில் அதனைப் பிழையாக அறிவிக்க வேண்டும். பிழைச்செய்தியில் அமைவின் பெயரும் கோப்பின் வரி எண்ணும் இருத்தல் நன்று.
* "வேண்டாம்" என்பதை வெறுமையால் குறிக்காமல் "முடக்கு" போன்ற வெளிப்படையான மதிப்பால் குறிப்பது சிறந்தது.
* மதிப்பை ஒப்பிடும் முன் அதன் இருபுறமும் உள்ள வெற்றிடங்களை நீக்குவதா இல்லையா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். கடவுச்சொற்களில் வெற்றிடமும் ஓர் எழுத்து ஆகும்.
* ஐயம் எழும் இடத்தில் மென்பொருள் கூடுதல் அனுமதியை அளிக்காமல் குறைந்த அனுமதியை நோக்கிச் செல்ல வேண்டும்.
* தரப்படாதது, <அ></அ>, <அ/>, வெற்றிடம் மட்டும் கொண்டது, இன்மை எனக் குறிக்கப்பட்டது ஆகிய ஐந்தையும் சோதனைகளில் சேர்க்க வேண்டும். இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் எப்போதும் ஒரே விளைவைத் தர வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* எக்ஸ்எம்எல்
* எக்ஸ்எம்எல் ஸ்கீமா
* பெயர்வெளி
* தொடர்புசார் தரவுத்தளம்
* ஜேசான்